மானுக்கு எந்த ரவை? ஒரு பெட்டியின் மேல் எழுதியிருப்பதை வாசிக்கும் விதம்

போன நவம்பரில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. அனுப்பியவன் கனடாவில், ஒன்ராறியோவில் இருக்கும் அக்கா மகன். சமையலறை மேசை, பாதி குடித்த தேநீர், பக்கத்தில் துப்பாக்கி ரவை அடைத்த ஒரு சின்ன அட்டைப்பெட்டி. பெட்டியின் மேல் "308 வின், 150 ஜி.ஆர்., எஸ்.பி., 2820 எஃப்.பி.எஸ்., 20" என்று எழுதியிருந்தது. கீழே அவன், "மாமா, மான் சீசன் தொடங்குது" என்று போட்டிருந்தான்.

அவ்வளவுதான், ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். வெலிமடையில் உருளைக்கிழங்கு போடும் பெரியப்பாவிடம் காட்டுப்பன்றிக்காக உரிமம் எடுத்த பன்னிரண்டு போர் துப்பாக்கி ஒன்று உண்டு. அவர் குரல் பதிவு போட்டார்: "இந்தப் பொடிச் சாமானா மானைச் சாய்க்கும்? நம்ம ரவையில பாதிகூட இல்லையே!" சித்தப்பா மகன், "இது டி-56 ரவைதானே, அதுவும் 7.62 தானே" என்றான். டி-56 என்பது நம் இராணுவத்தார் தூக்கிப் போகும் துப்பாக்கி. இன்னொருத்தி, "எஸ்.பி.ன்னா பொலிஸ் எஸ்.பி.யா?" என்று கேட்டாள். பெரியப்பா விடவில்லை. "பெரிசா வாங்கச் சொல்லுடா, அடிச்சா பறக்கணும்" என்றார்.

நான் தலவாக்கலையில் பௌதிகவியல் டியூஷன் எடுப்பவன். துப்பாக்கி எனக்குத் தொழில் இல்லை. ஆனால் அந்தப் பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் விஷயம்தான். இந்தப் பேச்சில் ஏறக்குறைய எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்றே: "எது பலமானது?" என்ற கேள்வியோடு தொடங்குவது. சரியான ரவையைத் தேடுகிறவன் கேட்க வேண்டியது வேறு. ரவையின் சக்தி விலங்கின் உடம்புக்குள், நெஞ்சுக்கூட்டின் ஆழத்தில் இறங்குமா, இல்லை ஊடுருவி வெளியே போய் மண்ணில் வீணாகுமா?

இங்கே யாரும் சுட முடியாது

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் மரை (கடமான்), புள்ளிமான் இரண்டும் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். 1937-ஆம் ஆண்டு வந்த விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளியில் வண்டி நிறுத்துமிடத்திலேயே மரை வந்து மனிதர் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அது நம்மை நம்பி நிற்கிறது. அதைச் சுடுவதற்குச் சரியான ரவை என்று ஒன்று கிடையாது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1840-களின் கடைசியில் நுவரெலியாவில் வந்து குடியேறிய சாமுவேல் பேக்கர், நாய்களை விட்டு மரையைத் துரத்திக் கத்தியால் குத்தி வேட்டையாடியவர். ஹோர்ட்டன் சமவெளியின் பேக்கர் நீர்வீழ்ச்சி அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்தக் காலத்துத் துரைமார் மரையை 'எல்க்' என்றே எழுதி வைத்தார்கள். அது எல்க் இல்லை.

கனடாவில் கதை வேறு. வெள்ளைவால் மான் அங்கே நிறைய. பயிற்சி வகுப்பு முடித்து, துப்பாக்கி உரிமம் வாங்கி, வேட்டை அனுமதியும் எடுத்து, சீசனில் மட்டும் சுடலாம். துப்பாக்கி சீசனில் உடம்பில் பளிச்சென்ற செம்மஞ்சள் உடுப்பு கட்டாயம், இன்னொருவன் மானென்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாதே. இனி நான் சொல்வதெல்லாம் அந்த மாதிரி இடத்து வேட்டையைப் பற்றித்தான்.

ரவை வேறு, சன்னம் வேறு

பத்திரிகைகளில் 'ரவை', 'தோட்டா', 'சன்னம்', 'குண்டு' என்று நான்கையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

கடையில் பெட்டியாக வாங்குவது ரவை. அது நான்கு பொருள் சேர்ந்த ஒரு பொட்டலம். பித்தளையால் ஆன கோது, அதன் அடியில் தட்டினால் தீப்பொறி தரும் சின்ன மூடி, உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய சன்னம். பறந்து போவது சன்னம் மட்டும். கோது துப்பாக்கியிலேயே தங்கி, பிறகு வெளியே விழும். பட்டாசு ராக்கெட்டில் குச்சியும் சேர்ந்து பறக்கும். இங்கே அப்படி இல்லை.

பெரியப்பாவின் ரவை வேறு சாதி. அதற்குள் ஒற்றைச் சன்னம் கிடையாது. பயறு போலவோ கடலை போலவோ ஈய உருண்டைகள் பல இருக்கும். குழலின் உட்புறமும் வழவழவென்று இருக்கும். உருண்டைகள் வெளியே வந்ததும் பரவும், காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். கிட்டத்தில் ஓடும் பன்றிக்கு அது சரி. நூறு மீற்றர் தள்ளி நிற்கும் மானை அதால் சுட்டால் விலங்கு உடனே சாகாது, காயத்தோடு ஓடிப்போய் எங்கேயோ கிடந்து சாகும். ரவையின் பருமனை மட்டும் பார்த்துப் 'பாதிகூட இல்லை' என்றது, லொறியையும் மோட்டார் சைக்கிளையும் நீளத்தை வைத்து ஒப்பிட்ட கதை.

ஆக, சுருக்கம் இது: ரவை என்பது முழுப் பொட்டலம், சன்னம் என்பது பறக்கும் பகுதி. ரைபிளில் சன்னம் ஒன்று, பன்னிரண்டு போரில் பெரும்பாலும் பல.

எண் என்பது பல நேரம் ஒரு பெயர்தான்

தோட்டத்தில் 'அஞ்சாம் நம்பர் மலை' என்போம். அது ஐந்து அடி உயரமும் இல்லை, ஐந்து ஏக்கரும் இல்லை. அது வெறும் பெயர். ரவை எண்களும் பாதிக்குப் பாதி அப்படித்தான்.

'308' என்றால் சன்னத்தின் விட்டம் அங்குலத்தில் 0.308, அதாவது 7.82 மில்லிமீற்றர். இது நேர்மையான எண். 1952-இல் சந்தைக்கு வந்த ரவை இது. '30-06' என்றும் ஒன்று உண்டு. அதில் 06 என்பது 1906-ஆம் ஆண்டு. சன்னத்தின் விட்டம் 308-க்குச் சமம், கோதுதான் நீளம். '270' என்பதன் சன்ன விட்டம் 0.277. பள்ளிக்கூட கடேற் அணியில் பலர் தூக்கிப் பார்த்த 'திரீ நொட் திரீ'யின் சன்னமும் 0.303 இல்லை, அதைவிடக் கொஞ்சம் பருமன்.

பன்னிரண்டு போர் இன்னும் வேடிக்கை. குழல் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு இறாத்தல். அதனால்தான் அந்தப் பெயர். இருபது போர் என்றால் இறாத்தலுக்கு இருபது உருண்டை, ஆக எண் கூடக் கூடக் குழல் சிறுத்துக்கொண்டு போகும். பெரியப்பாவுக்கு இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை.

இப்போது சித்தப்பா மகனின் டி-56. அதன் ரவையும் 7.62, இராணுவங்களின் வழக்கில் 308-க்கு மிக நெருங்கிய ரவையும் 7.62. பெயர் ஒன்று, ஆள் வேறு. டி-56 ரவையின் கோது 39 மில்லிமீற்றர், மற்றதன் கோது 51. கோது நீண்டால் மருந்து அதிகம், மருந்து அதிகமானால் வேகம் அதிகம். டி-56 சன்னம் குழலைவிட்டுப் போகும்போது ஏறத்தாழ 2,000 யூல் சக்தியோடு போகும். 308 ஏறத்தாழ 3,500-ஐத் தாண்டும். ஒன்றை மற்றதில் போட முடியாது, போட முயலவும் கூடாது. எந்தத் துப்பாக்கிக்கு எந்த ரவை என்பது குழலிலேயே பொறித்திருக்கும். ஒரு எழுத்துப் பிசகினாலும் அது வேறு ரவை.

கிரிக்கெட் பந்தும் அரிசி மூட்டையும்

'யூல்' என்று சொல்லிவிட்டேன், விளக்க வேண்டும். ஓடும் பொருளிடம் இருக்கும் சக்தி இயக்கசக்தி. அதை அளக்கும் அலகு யூல். எடை இரண்டு மடங்கானால் இயக்கசக்தி இரண்டு மடங்காகும். வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகும். வேகத்துக்கு இருக்கும் மதிப்பு அது.

மருமகனின் பெட்டியில் 150 ஜி.ஆர். என்றிருந்தது. ஜி.ஆர். என்பது கிறெயின். பழைய ஆங்கில எடை அளவு, 7,000 கிறெயின் ஒரு இறாத்தல். 150 கிறெயின் என்றால் 9.7 கிராம். அது சன்னத்தின் எடை, மருந்தின் எடை இல்லை. பலர் இதை மருந்து என்றே நினைக்கிறார்கள். 2820 எஃப்.பி.எஸ். என்பது விநாடிக்கு 2,820 அடி, அதாவது 860 மீற்றர். ஒலியைவிட இரண்டரை மடங்கு வேகம். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 3,590 யூல்.

இது எவ்வளவு? ஐம்பது கிலோ அரிசி மூட்டையை ஏழு மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டு மாடிக்கு மேலிருந்து, போட்டால் தரையில் மோதும்போது இருக்கும் சக்தி. ஒன்பதே முக்கால் கிராம் உலோகத்தில் அவ்வளவும் இருக்கிறது.

சரி, அப்படியானால் மான் பறக்க வேண்டாமா? பெரியப்பாவின் ஆசை அதுதானே. இங்கேதான் சினிமா நம்மை ஏமாற்றுகிறது. ஒன்றைப் பின்னுக்குத் தள்ளுவதற்குச் சக்தி போதாது, உந்தம் வேண்டும். உந்தம் என்பது எடையை வேகத்தால் பெருக்கி வருவது. அதில் வேகத்துக்கு அந்த நான்கு மடங்கு மரியாதை கிடையாது. நம் சன்னத்தின் உந்தத்தைக் கணக்கிட்டால் 8.3 வருகிறது. 160 கிராம் கிரிக்கெட் பந்தை மணிக்கு 140 கிலோமீற்றரில் வீசினால் அதன் உந்தம் 6.2. ஆக, ரைபிள் சன்னம் எதையாவது தள்ளும் அளவு, வேகப்பந்து வீச்சாளரின் பந்து தள்ளும் அளவைவிடக் கொஞ்சம்தான் அதிகம். பந்து நெஞ்சில் பட்ட துடுப்பாட்டக்காரன் 'ஆ' என்று துள்ளுவான், மைதானத்துக்கு வெளியே பறக்க மாட்டான். நெஞ்சில் அடிபட்ட மானும் பறப்பதில்லை. பெரும்பாலும் சில விநாடி ஓடி, பிறகுதான் விழும். இதயமே நின்றாலும் மூளைக்குப் போன இரத்தம் சில விநாடிக்குத் தாங்கும்.

அதே பந்தின் சக்தி 120 யூல் மட்டும். சன்னத்தில் அதைப் போல் முப்பது மடங்கு. தள்ளுவது ஏறத்தாழ சமம், கிழிப்பது முப்பது மடங்கு. மானைக் கொல்வது அந்தக் கிழிப்புத்தான், முக்கியமாக நுரையீரலிலும் இதயத்திலும் நடக்கும் கிழிப்பு. ஆகவே சன்னம் சக்தியை எங்கே செலவு செய்கிறது என்பதே முழுக் கதையும்.

விரிந்த குடை, மடித்த குடை

நானுஓயாப் பக்கம் ஜூன், ஜூலை மாதத்தில் எதிர்க்காற்றில் நடந்து பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். குடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகலாம். விரித்துவிட்டால் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது, காற்று உங்கள் சக்தியை எல்லாம் உறிஞ்சிவிடும்.

இராணுவ ரவைகளில் வரும் சன்னம் மடித்த குடை. ஈயத்தின் மேல் செம்புக் கலவையால் ஆன முழு உறை போட்டிருக்கும். மானில் பட்டால் உருமாறாமல் ஊசி போல் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போய்விடும். 3,590 யூலில் பெரும்பகுதி மானுக்குப் பின்னால் இருக்கும் மண்ணுக்குத்தான். மான் ஓடும், எங்கேயோ புதரில் மணிக்கணக்காகக் கிடந்து சாகும். 'பலமான' ரவைதான், வேலை நடக்கவில்லை.

வேட்டைச் சன்னம் உடம்புக்குள் போனதும் விரியும் குடை. நுனியில் உறை இருக்காது, மென்மையான ஈயம் தெரியும். இதுதான் மென்முனைச் சன்னம், பெட்டியில் இருந்த எஸ்.பி. அதுவே, பொலிசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. திசுவில் மோதியதும் நுனி பின்னோக்கி மடங்கிக் காளான் போல விரியும். விட்டம் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்குவரை பெருக்கும். எதிர்ப்புக் கூடும், சக்தி உள்ளேயே இறங்கும். நுனியில் குழி வைத்த சன்னங்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

இதில் ஒரு விநோதம். கொல்கத்தா விமான நிலையம் இருக்கும் டம் டம்மில் 1890-களில் பிரித்தானியர்கள் விரியும் சன்னம் செய்தார்கள். 'டம்டம் குண்டு' என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். மனிதரில் அது செய்த காயத்தைக் கண்டு 1899-இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள், போரில் அதைப் பயன்படுத்துவதில்லை என்று பிரகடனம் செய்தன. மான் வேட்டையில் நேர்மாறு. இங்கிலாந்தில் மானைச் சுடும் ரைபிளுக்கு விரியும் சன்னம் போட வேண்டும் என்பது சட்டம். அமெரிக்காவில் பல மாநிலங்கள் முழு உறைச் சன்னத்தை மானுக்குத் தடை செய்திருக்கின்றன. போரில் காயம்பட்டவன் பிழைக்க வேண்டும் என்று ஒரு சட்டம், வேட்டையில் அடிபட்டது உடனே சாக வேண்டும் என்று இன்னொரு சட்டம். 'கொடூரமான குண்டு' என்று செய்தித்தாள் எழுதும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இல்லை.

குடை விரியக் காற்று வேண்டும். சன்னம் விரிய வேகம் வேண்டும். பல மென்முனைச் சன்னங்களுக்கு விநாடிக்கு ஏறத்தாழ 550 மீற்றராவது இருக்க வேண்டும். தூரம் போய் வேகம் இறங்கிவிட்டால் மடித்த குடைதான். மறுபக்கம், மெல்லிய சன்னம் மிக வேகமாகக் கிட்டத்தில் தோள் எலும்பில் மோதினால் குடைக்கம்பி முறிந்து பறப்பது போலத் தூள்தூளாகிவிடும். தோலுக்கு அடியில் பெரிய காயம், நுரையீரல்வரை எதுவும் போகாது. அதனால்தான் பெரிய விலங்குக்கு ஈயத்தையும் உறையையும் பிணைத்து ஒட்டிய சன்னம், கூடுதல் எடை. சின்ன மானுக்கு லேசாக விரியும் சன்னம். இங்கிலாந்தின் ரோ மான் 25 கிலோ அளவில் இருக்கும், நம் ஆண் மரை 200 கிலோவைத் தாண்டும். இரண்டுக்கும் 'மான் ரவை' என்று ஒரே சொல்லைச் சொன்னால் எப்படி?

சுருக்கமாக: முழு உறை ஊடுருவும், மென்முனை விரியும். விரிவதும் ஆழமாகப் போவதும் ஒன்றுக்கொன்று விலை கொடுப்பவை. விலங்கின் உடம்புக்குத் தக்கபடி இரண்டையும் சமன்செய்வதே ரவைத் தெரிவு.

பம்பரமும் சரிவும்

ரைபிள் குழலின் உட்புறம் வெட்டிய சுருள் தவாளிப்புகள் சன்னத்தைப் பம்பரமாகச் சுழற்றி அனுப்பும். சுற்றும் பம்பரம் சாயாதது போல, சுழலும் சன்னம் மூக்கைத் திருப்பாமல் போகும். அந்தத் தவாளிப்புக்குத்தான் ஆங்கிலத்தில் ரைபிளிங் என்று பெயர், துப்பாக்கிக்குப் பெயர் வந்ததும் அதனால்தான்.

நேராகப் போகும் என்று மட்டும் நினைக்காதீர்கள். குழலை விட்ட கணத்திலிருந்தே சன்னம் விழத் தொடங்குகிறது, மேசையிலிருந்து தள்ளிவிட்ட ரப்பர் விழும் அதே வீதத்தில். 308-இன் சன்னம் 100 மீற்றர் போவதற்குள் ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர் விழும். 200 மீற்றரில் ஓர் அடி. 300-இல் முக்கால் மீற்றருக்கு மேல். தூரம் இரண்டு மடங்கானால் விழுவது நான்கு மடங்குக்கு மேலே போகிறது, ஏனென்றால் வழியில் வேகமும் குறைகிறது. அதனால் குழலைக் கண்ணுக்குத் தெரியாத அளவு மேலே சாய்த்துக் குறிநோக்கியைப் பொருத்துவார்கள். இதைச் சரிபார்க்காமல் காட்டுக்குப் போகிறவன் வேட்டைக்காரன் இல்லை, விபத்து.

மலைநாட்டுக்காரருக்கு மட்டும் ஒரு கொசுறு. சரிவில் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ சுட்டால் சன்னம் எதிர்பார்த்ததைவிட மேலே படும். கீழ்நோக்கிச் சுட்டாலும் மேலேதான்! புவியீர்ப்பு சரிவின் நீளத்தைப் பார்ப்பதில்லை, கிடையான தூரத்தைப் பார்க்கிறது. 45 பாகைச் சரிவில் 200 மீற்றர் தள்ளி நிற்பது கிடையாக 141 மீற்றர்தான். கொழுந்து மலையில் மேலே இருந்து கீழே கல் எறிந்து பழகிய பையன்களுக்குக் கைக்கணக்கில் இது தெரியும், பரீட்சைத் தாளில் கேட்டால் தெரியாது.

உதை

சன்னம் முன்னே போனால் துப்பாக்கி பின்னே வரும். தோளில் விழும் அந்த அடிதான் உதை. பெரிய ரவை, பெரிய உதை. அதற்குப் பயந்தவன் விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொள்வான். கண்ணை மூடிச் சுட்ட பெரிய ரவையைவிட, கண்ணைத் திறந்து நுரையீரலில் வைத்த சின்ன ரவை நூறு மடங்கு மேல். '243' என்ற சின்ன ரவை 6.5 கிராம் சன்னத்தை 900 மீற்றர் வேகத்தில் அனுப்பி 2,600 யூல் தரும். வெள்ளைவால் மானுக்கு அது போதும். முதல் வருஷம் பெரிதாக வாங்கித் தோளில் நீலம் பாய்ந்து, இரண்டாம் வருஷம் சின்னதுக்கு வந்தவர்கள் நிறையப் பேர் என்று மருமகன் சொன்னான்.

ஈயமா செம்பா

ஈயம் மென்மையானது, கனமானது, மலிவானது. சன்னத்துக்கென்றே பிறந்தது போல. ஒரே சிக்கல், அது நஞ்சு. விரியும்போது சன்னத்திலிருந்து மணலைவிடச் சின்னத் துணுக்குகள் பிரிந்து காயத்துக்கு வெளியேயும் இறைச்சியில் பரவும். கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். வேட்டைக்காரர் விட்டுப்போகும் குடலைத் தின்னும் கழுகுகளும் இதனால் செத்தன. கலிபோர்னியாவில் கொண்டோர் என்னும் பெருங்கழுகு அழியப் பார்த்ததில் ஈயத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2019 ஜூலையிலிருந்து அந்த மாநிலத்தில் வேட்டைக்கு ஈய ரவையே கூடாது. டென்மார்க் 2024-இல் ரைபிள் வேட்டையிலும் ஈயத்தை நிறுத்தியது.

மாற்று, முழுக்கச் செம்பால் ஆன சன்னம். நுனியில் குழி வைத்து, இதழ் இதழாக மடியும்படி செய்திருப்பார்கள். துணுக்காக உடைவது குறைவு, ஆழமாகப் போகும். செம்பு ஈயத்தைவிட லேசு என்பதால் அதே எடைக்குச் சன்னம் நீளமாக இருக்கும். அதனால் செம்புக்கு மாறுகிறவர்கள் கொஞ்சம் குறைந்த எடையை எடுத்து வேகத்தைக் கூட்டிக்கொள்வார்கள். விரியவும் அதற்கு ஈயத்தைவிட அதிக வேகம் வேண்டும். விலையும் கூட. வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கும்போது நானாக இருந்தால் செம்புதான் வாங்குவேன். மருமகன் வாங்கவில்லை, கையில் இருந்த பெட்டி தீரட்டும் என்கிறான். காயத்தைச் சுற்றி ஒரு சாண் இறைச்சியை வெட்டி எறிகிறார்களாம். அது பாதி வழி.

இப்போது பெட்டியை வாசிப்போம்

308 வின்: ரவையின் பெயர், 'வின்' என்பது வின்செஸ்டர் என்ற கம்பனிப் பெயரின் சுருக்கம். அவன் துப்பாக்கிக் குழலிலும் இதே எழுத்து இருக்க வேண்டும், இருக்கிறது. 150 ஜி.ஆர்.: சன்னம் 9.7 கிராம், எழுபது எண்பது கிலோ மானுக்கு நடுத்தர எடை. எஸ்.பி.: மென்முனை, உள்ளே விரியும். 2820 எஃப்.பி.எஸ்.: குழல் வாயில் உள்ள வேகம் மட்டும். 200 மீற்றர் போவதற்குள் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காற்று தின்றுவிடும். கடுங்குளிரில் மருந்து மெதுவாக எரிந்து ஆரம்ப வேகமும் கொஞ்சம் இறங்கும். 20: ரவைகளின் எண்ணிக்கை. இதில் ஒரு பகுதியைத் தாளில் சுட்டுக் குறி பார்க்க வேண்டும். ஒரே அளவு, ஒரே எடை என்றாலும் வேறு கம்பனிப் பெட்டி அதே துப்பாக்கியில் வேறு இடத்தில் படும். எந்தப் பெட்டியால் குறி பார்த்தானோ அதைத்தான் காட்டுக்கும் எடுத்துப் போக வேண்டும்.

பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இன்னொரு எச்சரிக்கையும் இருந்தது: சன்னம் பல கிலோமீற்றர் போகும். நம் வளைவுகளை நினைத்துப் பாருங்கள், ஒவ்வொரு மேட்டுக்குப் பின்னாலும் ஒரு லயம், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள். அதனால்தான் பின்னால் மண் தெரியாத எதையும் சுடக் கூடாது என்று அந்த நாட்டுப் பயிற்சி வகுப்பில் முதல் நாளே சொல்கிறார்கள்.

சீசனின் முதல் சனிக்கிழமை அவன் போனான். விடிந்து கொஞ்ச நேரத்தில் ஒரு கிடாய் மேட்டின் உச்சியில் வந்து பக்கவாட்டாக நின்றதாம், நூற்றிருபது மீற்றர். பின்னால் வானம் மட்டும். துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அது இலையைக் கொறித்துவிட்டு அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டது.

அன்று இரவு குழுவில் மறுபடியும் ஒரு படம். அதே மேசை, அதே பெட்டி. குறி பார்த்ததில் ஏழு போக, உள்ளே பதின்மூன்று.

பெரியப்பா கேட்டார்: "அப்ப கறிக்கு?"

"கோழி வாங்கிட்டேன் தாத்தா."